மாடியில ஸ்டீல் ஃபிரேம் வீடு போட்டு மூணு மழைக்காலம் பார்த்தாச்சு, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

மடிப்பாக்கத்தான்:

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சேன், இன்னிக்கு தான் நேரம் கிடைச்சுது. எங்க வீடு 94ல அப்பா கட்டினது, கீழ் வீடு மட்டும், தூண் கிடையாது, சுவர் மேலயே நிக்கிற வீடு. எங்க ஏரியா மண்ணு களிமண்ணு. தம்பிக்கு கல்யாணம் ஆனதும் மேல ஒரு வீடு எடுக்கலாம்னு இன்ஜினியர கூட்டிட்டு வந்தா, அவரு கடக்கால் ஓரத்துல ரெண்டு இடத்துல தோண்டிப் பார்த்துட்டு செங்கல்ல கட்டினா கீழ தாங்காது சார்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. 9 இஞ்ச் சுவர் பூச்சோட சேர்த்து சதுர அடிக்கு 40 கிலோவுக்கு மேல வரும், ஸ்டீல் ஃபிரேம்ல போர்டு அடிச்ச சுவர் 5, 6 கிலோ தான்னாரு. அதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு, 2023 ஏப்ரல்ல வேலைய ஆரம்பிச்சுட்டோம், 620 சதுர அடி.

ஜிஐ சேனல், அதாவது ஜிங்க் பூசின மெல்லிசு இரும்புச் சட்டம், லாரில வந்து இறங்கிச்சு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் அடிச்சிருந்தது, ஆறாவது நாள் எலும்புக்கூடு மாதிரி முழு வீடும் நின்னுடுச்சு. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. வெளிய 10 எம்எம் சிமென்ட் ஃபைபர் போர்டு, உள்ள ஜிப்சம் போர்டு, நடுவுல சூட்டைத் தடுக்கற ராக் வுல் பஞ்சு, மேல பஃப் பேனல் கூரை, ரெண்டு தகரத்துக்கு நடுவுல ஃபோம் வெச்சது. ரெண்டரை மாசத்துல பால் காய்ச்சிட்டோம். தண்ணி லாரி, க்யூரிங், மணல் தகராறு எதுவும் இல்ல. செலவு குறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எனக்கு செங்கல் வீட்டு ரேட்டுக்கு கொஞ்சம் மேலயே தான் ஆச்சு.

வர்றவங்க எல்லாரும் செய்யற முதல் வேலை சுவத்த தட்டிப் பார்க்கறது. டொக்கு டொக்குனு சத்தம் வந்ததும் ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க, பாவம் ஏமாந்துட்டான்ங்கற மாதிரி. என் மாமனார் மூணு ரூம்லயும் தட்டினாரு.

அந்த வருஷம் டிசம்பர்லயே மிக்ஜாம் புயல் வந்துச்சு. கீழ் வீட்டுல முழங்கால் அளவு தண்ணி, நாங்க ஒன்பது பேரு ரெண்டு நாளு மேல தான் இருந்தோம். காத்துக்கு வீடு அசையல. ஆனா மழைச் சத்தம் இருக்கே, ஃபால்ஸ் சீலிங் போட்டும் டிவி காதுல விழல. ரெண்டாவது ராத்திரி மேற்கு ஜன்னல் மூலையில போர்டு அப்பளம் மாதிரி உப்பிடுச்சு. பிரிச்சுப் பார்த்தா ஜன்னல் தலைக்கு மேல தண்ணிய வெளிய தள்ளிவிடற தகடே வைக்கல, வெறும் சிலிகான பிதுக்கி விட்டுட்டுப் போயிருக்காங்க. உள்ள ராக் வுல் நனைஞ்சு கோணி மாதிரி தொங்குது. அந்த ஒரு ஜன்னலுக்கு 11,000 செலவு. அதுக்கப்புறம் ரெண்டு மழைக்காலம் போச்சு, சொட்டு தண்ணி வரல.

வெயில்ல எப்படின்னு கேப்பீங்க. மே மாசம் மத்தியானம் சீக்கிரம் சூடாகும், ஒளிக்க ஒண்ணும் இல்ல. ஆனா கான்கிரீட் வீடு ராத்திரி 11 மணிக்கும் சுவர்லேர்ந்து அனல் அடிக்கும்ல, இங்க அது இல்ல, ஏழு மணிக்கெல்லாம் ஆறிடும். ஏசி போட்டா பத்து நிமிஷத்துல குளிரும், ஆஃப் பண்ணா அதே வேகத்துல சூடாயிடும். தகரக் கூரையால உள்ள செல்போன் டவர் வர்றதில்ல, வைஃபை காலிங் தான்.

ஒண்ணு மட்டும் உருப்படியா செஞ்சேன். போர்டு மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவத்துலயும் இஞ்ச் டேப்ப பிடிச்சு போட்டோ எடுத்து வெச்சேன், சேனல் எங்க ஓடுது, ஒயர் எங்க போகுது எல்லாம் அதுல இருக்கு. கீசர், டிவி, அலமாரி வர்ற இடத்துல பின்னாடி பிளைவுட் வைக்கச் சொல்லிட்டேன். சாமி மாடம் ஞாபகம் வரல. இப்ப சாமி தரையில தான் இருக்கு.

உப்புக்காத்து:

நான் வேதாரண்யம் பக்கம். எங்களது இவரு சொல்ற மாதிரி சேனல் வீடு இல்ல, ஆங்கிள், பைப் வெல்டு பண்ணி மேல ஷீட்டு போட்ட வீடு. 2018 நவம்பர் கஜா புயல் ராத்திரில ஃபிரேம் ஒரு இஞ்ச் நகரல, ஆனா ஷீட்டு ஒண்ணு மிச்சமில்ல, விடிஞ்சு பார்த்தா நாலு தோப்பு தாண்டி ஒடிஞ்சு கிடந்த தென்னை மேல ஒண்ணு மாட்டியிருந்துச்சு. ஓரத்துல போல்ட்டு கம்மியா போட்டிருக்கான், காத்து முதல்ல ஓரத்துல தான் நகத்த விடும்னு அப்புறம் தான் புரிஞ்சுது. காத்தை விட எங்களுக்கு பெரிய எதிரி துரு. சுத்தி உப்பளம். பைப் கால் தரையில ஊனியிருக்கற இடம், பின்கட்டுல பாத்திரம் கழுவற தண்ணி நிக்கிற பக்கம், ஆறாவது வருஷம் விரலால அமுக்கினா உள்ள போகுது. இப்ப கீழ ஒன்றரை அடி கான்கிரீட்டுல எடுத்து அதுக்கு மேல தான் பைப்பு நிக்குது. கடல் பக்கம் கட்டறவங்க இதை முதல்லயே செய்ங்க.

வடலி:

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். எங்கட ஆக்களுக்கு இது 2016 ஆம் ஆண்டுக் கதை. போரால வீடிழந்த சனத்துக்கு வடக்கு கிழக்கில 65,000 இரும்புப் பொருத்து வீடு எண்டு அரசாங்கம் அறிவிச்சது, ஒண்டு இலங்கைக் காசில 21 லட்சத்துக்கு கிட்ட. அதுக்கு முதல் இந்திய அரசாங்கம் இஞ்ச செய்த வீட்டுத் திட்டத்தில 5.5 லட்சம் குடுத்து சனம் தாங்களே மேசனைப் பிடிச்சுக் கல்வீடு கட்டினவை. ஒரு பொருத்து வீட்டுக் காசில கல்வீடு ரெண்டு மூண்டு கட்டலாமே எண்டு தான் எல்லாரும் கேட்டவை. நான் மாதிரி வீடு பார்க்கப் போகேக்க மத்தியானம் ஒரு மணி, வடிவான வீடு, உள்ளுக்கு நிண்டு பார்த்தன், வேர்த்துக் கொட்டிப்போட்டுது. என்னோட வந்த அம்மா ஒராள், பிறகு குசினிப் பக்கமா ஒரு அறை கூட்டி எடுக்கலாமோ எண்டு கேட்டா. நிண்ட பெடியனுக்கு மறுமொழி தெரியேல்ல. எங்கட சனம் ஒரேயடியாய் வீடு கட்டுறேல்ல, மகளுக்குக் கலியாணம் எண்டால் ஒரு அறை, காசு வந்தால் ஒரு விறாந்தை எண்டு கூட்டிக்கொண்டு போறது தானே. கடைசியில அந்தத் திட்டம் அறிவிச்ச மாதிரி நடக்கேல்ல. இரும்பு கூடாது எண்டு நான் சொல்லேல்ல, இருக்கப் போற ஆக்களைக் கேட்டிட்டுக் கட்டியிருக்க வேணும்.

கோயம்புத்தூர் ஃபேப்ரிகேட்டர்:

நானுங் இந்த வேலை தான் பண்றேன், அதனால கொஞ்சம் உள்விஷயம் சொல்றேன். சேனல் வாங்கறப்ப துருப் பிடிக்காம இருக்க மேல பூசற ஜிங்க் எத்தனை கிராம்னு கேளுங்க. சதுர மீட்டருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் இருக்கறது நல்ல சரக்கு, 120 கிராம்லயும் மார்க்கெட்ல ஓடுது, பார்வைக்கு ரெண்டும் ஒரே பளபளப்பு தான். அப்புறம் சைட்ல ஆளுங்க கட்டிங் வீல் போட்டு அறுத்தா அங்கயே நிறுத்துங்க. பொறி பறக்கறப்பவே அந்த ஓரத்துல ஜிங்க் வெந்து போயிரும், பறந்த பொறி சேனல் மேல ஒட்டி ஒரே மாசத்துல கிழவன் கன்னம் மாதிரி புள்ளி புள்ளியா துருப் பிடிக்கும். தகடு வெட்டற கத்திரியில வெட்டச் சொல்லுங்க, முடியலைன்னா அறுத்த இடத்துல ஜிங்க் பெயின்ட் அடிக்கணும்.

எங்க ஊர் டிசைன வாங்கிட்டுப் போய் சென்னையில நிறுத்தாதீங்க. டிசைன் போடறப்ப எடுக்கற காத்து வேகம் கோவைக்கு செகண்டுக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. வேகம் கால்வாசி கூடின மாதிரி தெரியும், ஆனா காத்து தள்ளற தள்ளு ஒன்றரை மடங்குக்கு மேல போயிருமுங்க. தீப்பிடிச்சா என்னாகும்னு நிறைய பேரு கேக்கறாங்க. இரும்பு எரியாது, ஆனா 600 டிகிரி பக்கம் போனா பாதி பலம் போயிரும். ஜிப்சம் போர்டுக்குள்ளயே தண்ணி இருக்குது, அது ஆவியாகி முடியற வரைக்கும் ஃபிரேமுக்கு சூடு ஏறாது, தப்பிச்சு வெளிய வர அந்த நேரம் தான். அதனால காசு மிச்சம் பண்றேன்னு போர்ட மெலிசா போட்டுராதீங்க.

புதுக்குடித்தனம்:

மடிப்பாக்கத்தான் அண்ணா, லோன் கிடைச்சுதா? அம்மாவுக்கு ஊஞ்சல் வேணுமாம், மாட்ட முடியுமா?

மடிப்பாக்கத்தான்:

லோன் கதைய கேக்காதம்மா. வேல்யூவேஷனுக்கு வந்தவரு அவரும் ரெண்டு தட்டு தட்டிட்டு டெம்பரரி ஸ்ட்ரக்சர்னு எழுதிட்டுப் போயிட்டாரு, கடைசில நகைய வெச்சு தான் முடிச்சேன். நீ அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே பேங்க்ல போய் கேட்டுடு. ஊஞ்சல் கண்டிப்பா மாட்டலாம், ஆனா இப்பவே சொல்லி அதுக்குன்னு தனியா பாக்ஸ் செக்ஷன் பீம், அதான் கனமான சதுரப் பைப், போட வெச்சுடு, அந்த மெல்லிசு சேனல்ல கொக்கிய மாட்டினா அம்மா ஊஞ்சலோட கீழ வந்துடுவாங்க. கோவை நண்பர் சொன்ன புள்ளித் துரு எங்க பால்கனி ஓரத்துல இருக்கு, இத்தனை நாளா பெயின்ட் தெறிச்சதுன்னு நினைச்சுட்டு இருந்தேன், ஞாயித்துக்கிழமை சுரண்டிப் பார்த்து போட்டோ போடறேன்.

சொல்ல மறந்துட்டேனே, நேத்து சிலிண்டர் போட வந்தவரு கூட இறக்கி வெச்ச கையோட சமையல் ரூம் சுவத்த ஒரு தட்டு தட்டிட்டு தான் கையெழுத்து வாங்கினாரு.