அப்பாவுக்கும் ஒரு பூத் சிலிப்

அப்பா 2017-இல் தவறினார். வீடு சைதாப்பேட்டையில். இறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாக எடுத்து வங்கி, ஓய்வூதியம், குடும்ப அட்டை, கேஸ் இணைப்பு என்று ஓர் இடம் விடாமல் கொடுத்தேன். வாக்காளர் பட்டியல் மட்டும் நினைவுக்கே வரவில்லை. சுடுகாட்டில் பதிந்தது தானாக அங்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

2019 மக்களவைத் தேர்தலுக்கு மூன்று பூத் சிலிப் வந்தன. அப்பாவின் படம் போட்ட சீட்டை அம்மா சாமி அலமாரியில் வைத்துவிட்டார்.

பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கோரும் படிவம் 7-ஐ நிரப்பி, சான்றிதழ் நகலோடு கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கவில்லை. அது என் மடத்தனம். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கும் அப்பாவின் பெயர் அதே வரிசை எண்ணில் இருந்தது. மறுபடி கொடுத்து, இம்முறை சீட்டை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் நீக்கினார்கள்.

* * *

இவர் வீட்டுக்கு வந்ததுபோன்ற பூத் சிலிப்பை வீடு வீடாகக் கொடுப்பவள் நான். ஆசிரியை, வாக்குச்சாவடி நிலை அலுவலர். தெருவில் யார் இறந்தார் என்பது பல நேரம் எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் போதாது. சென்னையில் வாழ்ந்து சொந்த ஊரில் கண்ணை மூடுபவர்கள் ஏராளம். மரணம் நிகழ்ந்த ஊரில்தான் பதிவாகும். இறப்புப் பதிவு விவரங்களை மின்னணு முறையில் நேரடியாகப் பெறப்போவதாக 2025 மே மாதம் தேர்தல் ஆணையம் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் சான்றிதழில் 'கோவிந்தம்மாள்', பட்டியலில் 'கோவிந்தம்மா', இன்ஷியலும் வேறு என்றால் இருவரும் ஒருவரா என்று யாராவது வாசலுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

அதே தொகுதி வாக்காளர் யாரும் படிவம் 7 கொடுக்கலாம். தெரிந்தே பொய் எழுதினால் ஓராண்டு வரை சிறை. இருந்தாலும் வாய்ச்சொல்லுக்கு நான் பயப்படுகிறேன். 2025 நவம்பர் 4-இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, பூட்டிய வீட்டு வாசலில் கணக்கீட்டுப் படிவத்தோடு நின்றேன். "அந்தப் பாட்டி போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது" என்றார் எதிர்வீட்டுக்காரர். சான்றிதழ் கேட்கலாம் என்று அலைந்து மகளின் எண்ணைப் பிடித்தேன். பாட்டியே பேசினார், தாம்பரத்திலிருந்து.

"நான் செத்துவிட்டேனா? எவன் சொன்னான்?" என்றவர், படிவத்தோடு வந்தால் காபி தருவதாகச் சொன்னார்.