துப்பாக்கிக் கட்டையில் கண்ணாடி மாதிரிப் பூச்சு: எப்படி எடுப்பது?

வழுக்குமரம்:
பழைய ஏர் ரைஃபிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. குழலும் ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கின்றன, கட்டைதான் கண்ணை உறுத்துகிறது. மரத்தின் மேல் கண்ணாடியை உருக்கி ஊற்றிய மாதிரி கெட்டியான கம்பெனிப் பூச்சு. வெயிலில் தூக்கிக் குறிபார்த்தால் மினுக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறது. எண்ணெய் தடவிய மரம் மாதிரி மங்கலாக இருந்தால் போதும் எனக்கு.

பின்பக்க ரப்பர் பட்டைக்குப் பக்கத்தில் 120 எண் உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். வெள்ளை மாவாக வந்து தாளை அடைத்துக்கொண்டது. இரண்டு தாள் வீணான பிறகு, திடீரென்று ஓரிடத்தில் பூச்சு விட்டு, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு. சுற்றிலும் அடர் பழுப்பு, அது மட்டும் வெளிர் மஞ்சள். தின்னரில் நனைத்த பஞ்சை வைத்தும் பூச்சு அசையவில்லை. மரத்தையே கெடுத்துவிட்டேனா?

இழைப்புளி:
மரம் கெடவில்லை. முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.

அந்த வெளிர் திட்டே பாதி பதில் சொல்லிவிட்டது. நிறம் மரத்தில் இல்லை, பூச்சில் இருக்கிறது. பீச், பிர்ச் மாதிரி வெளிர் மரங்களுக்கு வால்நட் தோற்றம் வர, சாயம் கலந்த பூச்சைத் தெளித்துவிடுவது உண்டு. உங்களுடையதும் அப்படித்தான் தெரிகிறது. பூச்சோடு நிறமும் போய்விடும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இன்ன பூச்சு என்று பார்க்க எளிய வழி: ஸ்பிரிட்டுக்குப் பிசுபிசுத்தால் ஷெல்லாக். லாக்கர் தின்னருக்கு இளகினால் நைட்ரோ லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது இரண்டு கலவை சேர்த்து இறுக வைக்கும் ரகம். ரெமிங்டன் கம்பெனி தன் 700 மாடல் ரைஃபிள் கட்டைகளுக்குப் பூசிய ஆர்கேடபிள்யூ இந்தப் பிடிவாதக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பவுலிங் கட்டைப் பூச்சு என்றே அதைச் சொல்வார்கள்.

ஒரு கேள்வி. பளபளப்புப் போனால் போதுமா, பூச்சே போக வேண்டுமா? பளபளப்பு மட்டும் என்றால் உரிக்கவே தேவையில்லை. சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் நாரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மர வரி வாக்கில் லேசாகத் தேய்த்தால் மினுக்கு இறங்கிவிடும், பாதுகாப்பும் அப்படியே இருக்கும். விளிம்புகளில் மட்டும் கை பதமாக இருக்கட்டும், அங்கேதான் பூச்சு மெல்லிசு. இங்கே பாதிப் பேர் கேட்பது இதைத்தான், செய்வது முழு உரிப்பு.

கைவேகம்:
எதற்கு இவ்வளவு? சூடான காற்று ஊதும் ஹீட் கன் எடுத்துக் காட்டு, சுரண்டு, மிச்சத்துக்கு பெல்ட் சாண்டர் என்கிற தேய்க்கும் மெஷின். அரை மணி நேர வேலை.

இழைப்புளி:
அரை மணி நேரத்தில் கட்டையின் வடிவமும் போய்விடும். பெல்ட் சாண்டர் விளிம்புகளை மழுக்கிவிடும், அப்புறம் உலோகமும் மரமும் சேருமிடத்தில் படி விழும். ஹீட் கன் சில பூச்சுகளைக் கிளப்பும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே இடத்தில் நான்கு நொடி கூடுதலாகக் காட்டி, என் கட்டையில் கன்னம் படும் இடத்தில் கருகல் வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

வழுக்குமரம்:
அந்தத் திட்டு இருப்பதால் முழுசாகவே எடுத்துவிடுகிறேன் அண்ணா. பிடியில் கட்டம் கட்டமாக வெட்டிய செக்கரிங் இருக்கிறது, அதை என்ன செய்ய?

இழைப்புளி:
குண்டு இல்லை என்று உறுதி செய்துவிட்டு உலோகம் முழுவதையும் கழற்றுங்கள். பூச்சை இளக்கும் ரிமூவர் பட்டால், காற்று கசியாமல் அடைக்கும் சீல் போய்விடும். ரப்பர் பட்டையும் இப்போது கழலட்டும்.

ரிமூவர் கூழாக இருப்பதை வாங்குங்கள், டைகுளோரோமீத்தேன் இல்லாததாக. அதன் ஆவி உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் 2019-லேயே வீட்டு உபயோக ரிமூவர்களில் அதைத் தடை செய்துவிட்டார்கள். மாற்று ரகங்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் தடிப்பாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிடுங்கள். காய்ந்தால் வேலை நின்றுவிடும். பூச்சு சுருங்கிக் கொப்புளித்ததும் பிளாஸ்டிக் தகட்டால் வழியுங்கள். இரண்டு மூன்று தடவை ஆகலாம். கையுறை, கண்ணாடி, திறந்த இடம் மூன்றும் கட்டாயம்.

செக்கரிங்கில் உப்புத்தாள் படவே கூடாது, கூர் மழுங்கினால் திரும்ப வெட்டத்தான் வேண்டும். ரிமூவரை ஊறவிட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷால் வரி வாக்கில் தள்ளி எடுங்கள்.

கடைசியில் டப்பாவில் சொன்னபடி துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பட்டையைத் திரும்ப மாட்டிவிட்டுத் தேய்க்கலாம், அப்போதுதான் முனை உருளாது. 180 எண் தாள், பிறகு 220, தட்டையான சிறு மரத்துண்டில் சுற்றி. பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நசுங்கிய நார் எழும்பிவிடும். அறுபட்ட நார் எழும்பாது. உலோகம் உட்காரும் குழிக்குள் மட்டும் தேய்க்காதீர்கள், ஆட்டம் கொடுத்துவிடும்.

வழுக்குமரம்:
மூன்று சுற்று ஆயிற்று, வந்துவிட்டது! இரண்டாம் சுற்றில் பாம்புச் சட்டை மாதிரி நீளமாக உரிந்தது. அடியில் பீச்தான், சின்னச் சின்னப் புள்ளிக் கோடுகளோடு. வால்நட் சாயம் ஒரு தடவை, பிறகு பாயில்டு லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் மெல்லிசாகத் தடவித் துடைத்திருக்கிறேன். அடுத்த பூச்சு எப்போது?

இழைப்புளி:
தொட்டால் ஒட்டக் கூடாது, குறைந்தது ஒரு நாள். மெல்லிசாக நான்கைந்து தடவை போதும். குழியையும் ரப்பர் பட்டைக்கு அடியிலுள்ள வெட்டுமுனையையும் விட்டுவிடாதீர்கள், மரம் ஈரம் குடிப்பது அங்கேதான். துடைத்த துணியை என்ன செய்தீர்கள்?

வழுக்குமரம்:
சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். ஏன்?

இழைப்புளி:
உடனே எடுத்து வெளியே ஒற்றையாக விரித்துப் போடுங்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும்.

வழுக்குமரம்:
எடுத்து நனைத்துக் கொடியில் விரித்துவிட்டேன். எடுக்கும்போது சுருட்டலின் நடுவில் கை வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது அண்ணா.