பழைய புர்னோ .22 வாங்கலாமா? 50 மீட்டரில் குண்டு மேலும் கீழுமாக இழுக்கிறது

பெரம்பூர் பாலா:
வணக்கம். சென்னையில் ஒரு ரைஃபிள் கிளப்பில் உறுப்பினர். இதுவரை கிளப் துப்பாக்கியில்தான் 50 மீட்டர் படுத்துச் சுட்டுப் பழகினேன். லைசென்ஸுக்கு எழுதிக்கொடுத்து, போலீஸ் விசாரணையும் முடிந்துவிட்டது. கிளப்பில் ஒரு பெரியவர் தன்னுடைய செக் நாட்டு .22 ரைஃபிளான புர்னோ மாடல் 2 போல்ட் ஆக்‌ஷனைக் கொடுத்துவிடலாம் என்கிறார். விலை என் கைக்கு எட்டும்.

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரேஞ்சில் சுட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் குண்டுகள் ஒட்டியே விழுகின்றன. மேல் கீழாக மட்டும் மூன்று செ.மீ. வரை இழுக்கிறது. நடுவில் சில ரவுண்டுகள் வெடிக்கவும் இல்லை. போட்டது கிர்க்கி அரசு தொழிற்சாலைத் தோட்டா. பேரல் (குழல்) தேய்ந்துவிட்டதா? யூடியூபில் பார்த்தால் எல்லாரும் சாவேஜ் மார்க் 2, சிஇசட் 457 என்று வெளிநாட்டு .22 ரைஃபிள்களையே சொல்கிறார்கள். அதற்குக் காத்திருக்கலாமா?

ஆவடிக்காரன்:
தம்பி, முதலில் யூடியூபை மூடுங்கள். அந்த வீடியோக்கள் அமெரிக்காவில் கடைக்குப் போய் வாங்குகிறவர்களுக்கானவை. இங்கே சாதாரண லைசென்ஸ்காரர் வெளிநாட்டிலிருந்து புதிதாக இறக்குமதி செய்ய முடியாது. போட்டிகளில் தகுதி மதிப்பெண் எடுத்த வீரர்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். மற்றவர்களுக்கு இந்தியாவில் செய்த துப்பாக்கி, இல்லாவிட்டால் இப்படிக் கைமாறி வரும் பழையது. புர்னோ கிடைக்கிறதென்றால் விடாதீர்கள். நீங்கள் சொல்கிற 457-ம் அதே செக் நாட்டு வம்சம்தான்.

ஒரு விஷயம் கவனம். பழைய புர்னோவில் சேஃப்டி தலைகீழ். பின்னால் இழுத்தால் சுடத் தயார், முன்னால் தள்ளினால் பூட்டு. 457-ல் அதை மாற்றிவிட்டார்கள். கிளப் துப்பாக்கியில் பழகிய கை தானாகவே தப்பான பக்கம் போகும்.

மயிலை வித்யா:
பாலா, பேரல் தேய்ந்திருந்தால் எல்லாப் பக்கமும் சிதறும். .22 ஈயக் குண்டு பேரலை அவ்வளவு சீக்கிரம் தின்னாது. பேரலைக் கெடுப்பது பெரும்பாலும் சுத்தம் செய்யும் கம்பிதான். குண்டு வெளியேறும் வாய்ப்பக்கமாகக் கம்பியை விட்டு விட்டு விளிம்பைத் தேய்த்திருப்பார்கள். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையை) கழற்றி, தோட்டா உட்காரும் அறை காலி என்று பார்த்துவிட்டு, குழல் வாயில் பஞ்சுக் குச்சியின் நுனியைச் சுற்றி ஓட்டுங்கள். எங்காவது நார் சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. அதைச் சரிசெய்ய நல்ல கைக்காரர் வேண்டும், ஆனால் சரிசெய்யக்கூடியதுதான்.

மேல் கீழாக மட்டும் இழுத்தால் எனக்கு முதல் சந்தேகம் உங்கள் மூச்சின் மேல். படுத்துச் சுடும்போது மூச்சை ஒரே இடத்தில் நிறுத்தாவிட்டால் இப்படித்தான் கோடு போடும். மணல் மூட்டையில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். அப்போதும் இழுத்தால், பேரலை மரக்கட்டையோடு பிடித்திருக்கும் திருகுகளைப் பாருங்கள். அப்புறம் தோட்டா.

தோட்டா ஏன் என்றால், .22 டார்கெட் குண்டு ஏறக்குறைய நொடிக்கு 325 மீட்டர் வேகம். 50 மீட்டர் போவதற்குள் பத்து செ.மீ.க்கு மேல் கீழே இறங்கிவிடும். ஒரே பெட்டியில் ஒரு குண்டு 330-லும் இன்னொன்று 300-லும் போனால் அதிலேயே இரண்டு செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். டார்கெட் நடுவிலுள்ள பத்தாவது வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. அப்படியிருக்க துப்பாக்கியைத் திட்டி என்ன பயன்?

தாம்பரம் டார்கெட்:
என்.சி.சி.யில் .22 டீலக்ஸ் சுட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், வெடிக்காத ரவுண்டைத் தூக்கிப் போடாதீர்கள். குழலை டார்கெட் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கலாம். பிறகு எடுத்து, தோட்டாவின் விளிம்பில் சுடும் ஊசி (பின்) அடித்த தடத்தைப் பாருங்கள். தடம் ஆழமாக இருந்தால், தோட்டாவை அரைச் சுற்று திருப்பி மறுபடி போடுங்கள். வெடித்தால் குற்றம் தோட்டாவுடையது, விளிம்புக்குள் மருந்து சமமாகப் பரவவில்லை. தடமே மெலிதாக இருந்தால் ஸ்பிரிங் களைத்திருக்கிறது, அல்லது போல்ட்டுக்குள் பழைய எண்ணெய் பிசினாகக் கெட்டிப்பட்டிருக்கிறது.

அறை வாயின் விளிம்பையும் நகத்தால் தடவிப் பாருங்கள். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்து இழுத்து விளையாடியவர்கள் கையில் இருந்தால் அந்த ஊசி அங்கே அடித்துப் பள்ளம் விழுந்திருக்கும்.

விற்பவர் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டும் மூன்று குண்டு விழுந்த டார்கெட் காகிதத்தை நம்பாதீர்கள். மெரினாவில் பலூன் சுடுகிறவரும் மூன்று தொடர்ந்து உடைப்பார். ஐந்து ஐந்து குண்டாக ஐந்து காகிதம், அதுதான் பேச்சு.

ஆவடிக்காரன்:
காகித வேலையையும் மறக்க வேண்டாம். ஆயுதச் சட்டப்படி கொடுப்பவர் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழித்துத்தான் கைமாற்ற முடியும். நகரத்துக்குள் என்றால் லைசென்ஸ் கமிஷனர் ஆபீஸ், மாவட்டங்களில் கலெக்டர். லைசென்ஸ் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்கள். ரைஃபிள் சங்க உறுப்பினராகிய விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு, அதற்கான கடிதத்தைக் கிளப்பில் வாங்கி வையுங்கள்.

பெரம்பூர் பாலா:
எல்லாருக்கும் நன்றி. மூட்டையில் வைத்துச் சுட்டேன், கோடு பாதியாகக் குறைந்தது, ஆக என் மூச்சுக்கும் பங்கு இருக்கிறது. கட்டையின் முன் திருகு விரலாலேயே சுற்றியது. அதை இறுக்கிவிட்டு, வித்யா அக்கா சொன்னபடி கிளப்பில் கொஞ்சம் ஈலி (Eley) கம்பெனித் தோட்டா கடன் வாங்கிப் போட்டேன். ஐந்து காகிதத்திலும் குண்டுகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. வெடிக்காத கிர்க்கி ரவுண்டுகளில் தடம் ஆழம்தான், திருப்பிப் போட்டதும் வெடித்தன. வாயில் பிசிறு இல்லை. பெரியவர் 45 நாள் கடிதம் எழுதத் தயார் என்கிறார்.

ஒரே கவலை, இதை வைத்துக்கொண்டு 3 பொசிஷன் (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும்) போட்டிக்குப் போக முடியுமா? பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதிலிருந்து ஆசை விடவில்லை.

மயிலை வித்யா:
பழகலாம், போட்டிக்கு இது ஒத்துவராது. கட்டையில் கன்னத் தாங்கலும் தோளில் பதியும் பின்தட்டும் நகராது, பேரல் மெலிசு. போட்டியில் ஸ்கோப்பும் கிடையாது, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட்தான். மேலே 11 மி.மீ. பள்ளம் வெட்டியிருந்தால் பீப் சைட்டைப் பொருத்தப் பார்க்கலாம். மிச்சப் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள். கிளப்பின் ஆன்ஷுட்ஸ் போட்டித் துப்பாக்கியை மண்டியிட்டும் நின்றும் சுடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்டதும் அன்றே துடையுங்கள், நம் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். கம்பியை அறைப் பக்கமாகத்தான் விட வேண்டும். துணி உறைக்குள் வைத்துப் பூட்டினால் ஈரம் உள்ளேயே தங்கி மழைக்காலத்தில் துரு ஏறும். எண்ணெய் தடவி, உறை இல்லாமல் இரும்பு அலமாரியில் பூட்டி வையுங்கள்.