காலையில் ஆறெழுத்து, இரவில் திக்ரு: ஒருவரே பல வழிகளில் பயிலலாமா?

நிலாமுற்றம்

மூன்று வருடமாக வீட்டில் தனியாகச் செய்துவரும் பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன். விடியற்காலையில் முருகனின் ஆறெழுத்து மந்திரம் (சரவணபவ), 108 உரு, அதாவது 108 தடவை. இரவில், கல்லூரித் தோழியின் வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய திக்ரு, இறைவனை நினைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும் இஸ்லாமியப் பயிற்சி. பௌர்ணமியன்று மெழுகுவத்தி ஏற்றி, குறி பார்க்கும் டாரட் சீட்டு விரிப்பேன். மனதில் இருக்கும் விருப்பத்தை ஒரு வரியாக எழுதி, திரும்ப வரும் எழுத்துகளை அடித்துவிட்டு, மிச்சத்தைக் கோத்து ஒரு குறியாக வரைந்து எரிப்பேன். அம்மா போன பிறகு மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்தவளை எழுப்பி உட்கார வைத்தவை இவைதான்.

முறையாகக் கற்க முயலாமல் இல்லை. பெரியவர் ஒருவரிடம் போனேன்; பெண்ணுக்கு மூலமந்திரம் தர முடியாது, வீட்டுக்காரரை அழைத்து வா என்றார். இன்னொருவர் முதல் பேச்சிலேயே மந்திரத் தகட்டுக்கு விலை சொன்னார். திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி, இரகசியமாகக் காத்துவந்த எட்டெழுத்து நாராயண மந்திரத்தை ஊருக்கே சொன்ன இராமானுசரைக் கொண்டாடும் நாம், மற்ற கதவுகளை ஏன் பூட்டி வைத்திருக்கிறோம்? கதவு திறக்காதபோது கிடைத்ததைக் கொண்டு நானே என் வழியைக் கட்டிக்கொண்டது தவறா?

வடவாறு

அம்மாவை இழந்த துக்கம் பெரியது. அதில் உங்களைத் தாங்கியதை நான் பறிக்க வரவில்லை. ஆனால் இராமானுசர் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள் அம்மா. கோபுரம் ஏறும் முன் அவர், உபதேசம் கேட்டு, குருவான திருக்கோட்டியூர் நம்பியைத் தேடி 18 முறை நடந்தார். திருப்பி அனுப்பப்பட்டும் திரும்பத் திரும்பப் போனார். அந்த நடையும் உபதேசத்தில் சேர்த்திதான்.

மந்திர சாத்திரத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு எழுத்துக்கு ஒரு லட்சம். ஆறெழுத்துக்கு 6 லட்சம் உரு. நாளுக்கு 108 என்றால் 15 வருடத்துக்கு மேல் ஆகும். அதன்பின் ஓமம், தர்ப்பணம். இதற்கே ஓர் ஆயுளில் பெரும்பகுதி போய்விடும். இரவில் வேறொன்று, பௌர்ணமிக்கு இன்னொன்று என்றால் எந்த இடத்தில் ஊன்றுவீர்கள்? பத்து இடத்தில் பத்தடி தோண்டினால் ஒன்றிலும் நீர் வராது.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வயதில் காணொளி பார்த்துக் கும்பகம் பழகினேன். மூச்சை அடக்கும் நேரத்தைத் தினமும் கூட்டினேன். இரண்டு மாதத்தில் தூக்கம் போயிற்று, நெஞ்சு படபடத்தது, கூட்டத்தில் நிற்க முடியவில்லை. மீண்டு வர ஒரு வருடம் ஆயிற்று. மூச்சோடு சேர்த்து இயேசு நாமத்தைச் சொல்லிப் பழகிய கிரேக்கக் கிறித்தவத் துறவிகள் ஆதோஸ் மலையில் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் அந்தப் பயிற்சிக்கு எதிர்ப்பு கிளம்பியபோது கிரகோரி பலமாஸ் அதற்காக வாதாடினார். அந்த மரபிலும் வழிகாட்டி இல்லாமல் இறங்காதே என்றுதான் எச்சரிக்கிறார்கள். எங்கோ இருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள் என்றால் அனுபவத்தில் அடிபட்டுத்தான் சொல்லியிருப்பார்கள்.

நல்லூர்த்தேரடி

வடவாறு ஐயா மூச்சைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஒரே கிணறு என்ற கருத்தை ஏற்க முடியவில்லை. எங்கள் இலங்கைப் பக்கத்து வரலாறு ஒன்று இருக்கிறது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பில் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளின் சீடர். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எடுப்பித்த சைவர். அவர்தான் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குத் தன் குரு காட்டிய ஞானத்தின் வழியே உரை செய்தார். மத்தேயு உரை வெளிவந்தது 1898-இல்.

அவரிடம் 1900 வாக்கில் ஒரு ஆங்கிலேயர் வந்தார், பெயர் அலன் பென்னட். 1888-இல் லண்டனில் தொடங்கிய 'கோல்டன் டான்' என்ற மந்திர சபையில் தேர்ந்தவர். யூதர்களின் மறைஞானமான கபாலா, எகிப்தியத் தெய்வங்கள், சோதிடம், டாரட் எல்லாவற்றையும் ஒன்றாகப் பின்னிய சபை அது. சகோதரி வீட்டில் செய்வதன் பூட்டனார் என்றே சொல்லலாம். ஆஸ்துமாவால் அவதிப்பட்ட பென்னட், இராமநாதனின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அவரிடம் யோகம் பயின்றார். 1901-இல் அவருடைய நண்பர் அலிஸ்டர் குரோலி வந்து சேர, இருவரும் கண்டியில் வீடெடுத்துப் பயிற்சி செய்தார்கள். பிறகு பென்னட் பர்மாவுக்குப் போய் அக்யாப்பில் துறவு பூண்டு ஆனந்த மெத்தேய ஆனார். 1908-இல் பௌத்தத் தூதுக்குழுவோடு லண்டனுக்கே திரும்பினார். பல கிணறு பார்த்தவர்தான். அப்படிப் பார்த்ததால்தான் தன் கிணறு எது என்று அவருக்குத் தெரிந்தது.

வடவாறு

தம்பி, நீங்களே என் கட்சிக்குச் சாட்சி கொண்டுவந்துவிட்டீர்கள். பென்னட் யோகத்தைப் புத்தகத்தில் பொறுக்கவில்லை, ஒருவர் முன் உட்கார்ந்து கற்றார். கடைசியில் மந்திரம் எல்லாவற்றையும் விட்டு ஒன்றில் நின்றார். இராமநாதனும் சுவிசேஷத்தைச் சைவராக நின்றே படித்தார். காலையில் சைவம் மாலையில் திருச்சபை என்று வைத்துக்கொள்ளவில்லை.

இராமகிருஷ்ணரைச் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். 1866 வாக்கில் அவர் இஸ்லாமிய சாதனை செய்தது உண்மை. அதில் தீட்சை பெற்ற ஒருவரிடம் உபதேசம் வாங்கித்தான் செய்தார். அந்த நாட்களில் காளி கோயிலுக்குள் போகவே இல்லை, இந்துத் தெய்வங்களை நினைக்கக்கூட மனம் வரவில்லை என்கிறது அவருடைய வரலாறு. இருந்தவரை முழுதாக இருந்தார். ஒரே நாளில் இரண்டு வைத்துக்கொள்வது வேறு சங்கதி.

காயல்கரை

சகோதரிக்கு ஸலாம். உங்கள் தாயாரின் பிரிவைப் படித்து வருந்தினேன். திக்ரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நீங்கள் இரவில் சொல்வது 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்றால், அது மனதை அமைதிப்படுத்தும் ஓசை மட்டுமல்ல. வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறில்லை என்று கொடுக்கும் வாக்கு. அதைச் சொன்ன நாவு ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு தெய்வத்தை அழைக்கிறது. மனிதர் யாரும் இதில் ஏமாறப் போவதில்லை. ஆனால் சொல்லும் நேரத்தில் அந்தச் சொல் உங்களுக்கு உண்மையா? என் கேள்வி இது ஒன்றுதான். எங்கள் ஊரில் காதிரிய்யா, ஷாதுலிய்யா தரீக்காக்கள், அதாவது சூஃபி வழிகள், இருக்கின்றன. அவற்றில் ஷெய்கு என்ற குருவிடம் கைகொடுத்து பைஅத் என்ற உறுதிமொழி செய்த பிறகுதான் எந்த திக்ரு, எத்தனை தடவை என்று அவர் சொல்லித் தருவார். முரீதின், அதாவது சீடரின், நிலை பார்த்துச் சொல்வார்.

நிலாமுற்றம்

காயல்கரை அண்ணா, உங்கள் கேள்வி நேற்றிரவு முழுக்க என்னோடு இருந்தது. சொல்லும் நேரத்தில் அது எனக்கு உண்மை. காலையில் முருகா என்று அழைப்பதும் உண்மை. இரண்டும் ஒன்றையே போய்ச் சேர்கின்றன என்றுதான் உணர்கிறேன். சூஃபியான குணங்குடி மஸ்தான் சாகிபு, சக்தியின் பெயரால் 'மனோன்மணியே' என்று சித்தர் வாக்கில் பாடவில்லையா? கதிர்காமத்தில் முருகனைத் தேடிப் போகும் தமிழரும், சிங்களரும், பள்ளிவாசலுக்குப் போகும் முஸ்லிம்களும் ஒரே வீதியில் நடக்கவில்லையா?

காயல்கரை

குணங்குடியார், சூஃபி ஞானி முகியித்தீன் ஆண்டவர் மீது சதகம் பாடியவர். மனோன்மணி என்ற சித்தர் சொல்லைத் தன் இறைக்காதலுக்கு எடுத்துக்கொண்டார், இன்னொரு வழிபாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. கதிர்காமத்தில் வீதி ஒன்றுதான். வாசல் அவரவர் வாசல்.

பனித்துளி

எல்லோரும் மரபு பேசுகிறீர்கள். நிலாமுற்றம் எழுதி எரிக்கும் குறி, ஆஸ்டின் ஸ்பேர் என்ற ஓவியர் வகுத்த முறை. அவர் 1956-இல் இறந்தார். 1970-களின் கடைசியில் இங்கிலாந்தில் பீட்டர் கேரல் போன்றவர்கள் அதிலிருந்து 'கேயாஸ் மேஜிக்' என்ற வழியைக் கட்டினார்கள். நம்பிக்கை ஒரு கருவி, வேலைக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள், முடிந்ததும் வைத்துவிடு என்பது அதன் அடிப்படை. செய்துபார், நடந்ததைக் குறிப்பேட்டில் எழுது. நான் எட்டு வருடமாக எழுதிவருகிறேன். எது என்னை மாற்றியது, எது வெறும் ஆசை என்று அந்த ஏடு சொல்கிறது. குருவிடம் போயிருந்தால் நான் கேள்வி கேட்டிருக்கவே மாட்டேன்.

வடவாறு

மேற்கே போனதும் நம் சரக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். கோல்டன் டான்காரர்கள் ஐம்பூத வடிவங்களைத் தியானத்துக்கு எடுத்தார்கள். அவர்களிடம் காற்று நீல வட்டம், ஆகாயம் முட்டை வடிவம். 'உண்மை விளக்கம்' என்ற சைவ சித்தாந்த நூலில் காற்று அறுகோணம், நிறம் கருமை; ஆகாயம்தான் வட்டம். வடிவம் மாறினால் தியானம் எங்கே போய் நிற்கும்?

பனித்துளி

அது திரிபு இல்லை ஐயா. அவர்கள் எடுத்தது சைவ சித்தாந்தத்திலிருந்து அல்ல, இராம பிரசாத் ஆங்கிலத்தில் தந்த, மூச்சோட்டத்தைப் பற்றிய வடநாட்டு சுவர சாத்திரத்திலிருந்து. அங்கே காற்று வட்டம்தான். அதாவது நம் நாட்டிலேயே இரண்டு மரபுக்கு இரண்டு காற்று! எது சரி என்று எந்தக் குருவைக் கேட்பது?

வடவாறு

சுவர சாத்திரம் எனக்குத் தெரியாது, திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் இரண்டில் எதை எடுத்தாலும் முழுதாக எடுக்க வேண்டும். அறுகோணத்தை இங்கிருந்தும் நீலத்தை அங்கிருந்தும் எடுத்தால் அது எந்த மரபின் காற்றும் இல்லை. உங்கள் குறிப்பேடும் உங்கள் கையெழுத்துதானே? உங்களுக்குப் பிடிக்காததை அது எப்போதாவது சொல்லியிருக்கிறதா?

நல்லூர்த்தேரடி

ஐயா, அந்தப் பெரியவர் பெண் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

வடவாறு

அது தவறு. மேல்மருவத்தூரில் பெண்களே கருவறையில் பூசை செய்கிறார்கள். அந்தப் பெரியவர் செய்ததை நான் எந்த சாத்திரத்தைக் கொண்டும் காப்பாற்ற மாட்டேன். 18 முறை நடக்கச் சொன்னவன் நான்தான். ஆனால் நம்பி, பெண்ணென்று சொல்லி யாரையும் அனுப்பவில்லை, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நிலாமுற்றம்

நன்றி ஐயா. இதை ஒருவர் வாயிலிருந்து கேட்க இத்தனை நாள் ஆயிற்று.

ஆறெழுத்தைக் கூட்டப் போகிறேன், நாளுக்கு 1,008. காலையில் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழ வேண்டும். சீட்டும் குறியும் பௌர்ணமிக்கு இருக்கும், அதை விடுவதாக இல்லை. பனித்துளி சொன்ன குறிப்பேட்டை இன்றிரவே தொடங்குகிறேன். திக்ரை நிறுத்திவிட்டேன், அது பொய் என்பதால் இல்லை. காயல்கரை அண்ணா, பெண்கள் கூடி உட்காரும் திக்ரு மஜ்லிஸ் (சபை) உங்கள் ஊரில் நடக்கிறதா? வந்து ஓரமாகக் கேட்கலாமா?

காயல்கரை

என் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன், சகோதரி.