பசுமைக் கட்டுமானத்துக்கு உங்களைத் திருப்பியது எது? சைட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

திருச்சி, சிறு காண்ட்ராக்டர்:

சுற்றுச்சூழல் அக்கறை என்று நான் சொன்னால் அது பொய். ஒரு வாத்தியார் வீடு. பேஸ்மட்டம் முடிந்தபோதே கையிருப்பு கரைந்துவிட்டது. "கேரளாவுல சிக்கன வீடு கட்டுன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் மாதிரி ராட் ட்ராப் பாண்ட் போட்டா கால்வாசி கல் மிச்சமாமே" என்று அவரே கேட்டார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கி, நடுவில் வெற்றிடம் விடும் முறை. படிக்கிற காலத்தில் படம் வரைந்ததோடு சரி, நான் கட்டியதில்லை.

மேஸ்திரியிடம் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நடுவுல பொந்து விட்டுக் கட்டுனா ஊர்ல என்னைத்தான சார் திருடன்னு சொல்லுவாங்க?" நியாயம்தானே? சுவரைத் தட்டிக் காட்டி, 'கெட்டி' என்று பேர் வாங்கியே பிழைத்த மனுஷன். தட்டினால் பொள்ளென்று கேட்கும் சுவரை அவரைக் கட்டச் சொல்கிறேன்.

முதலில் காம்பவுண்டில் பத்தடி போட்டுப் பார்ப்போம் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். மறுநாள் பார்த்தால், கலவை பொந்துக்குள் விழாமல் இருக்க மேலே ஒரு பலகையை வைத்துக்கொண்டு கட்டுகிறார். யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாம் நாள் "கலவையும் கம்மியாத்தான் போகுது" என்றார். அதற்கப்புறம் அவரிடம் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

சண்டை எலக்ட்ரீஷியனோடு வந்தது. சுவர் எழுந்த பிறகு பைப் பதிக்கக் காடி வெட்டியே பழகியவர். இங்கே இஷ்டத்துக்கு வெட்டினால் கல் உடைந்து உள்ளே போய்விடும். சுவிட்ச் எங்கே, பைப் எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். வாத்தியார் வீட்டில் அதற்கே ஒரு வாரம் ஆனது. கல் மிச்சக் கணக்குப் போடுகிறவர்கள் அந்த ஒரு வாரத்தைச் சேர்ப்பதே இல்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் போய் மேற்குச் சுவரை உள்பக்கம் தொட்டுப் பார்த்தேன். என் வீட்டுச் சுவர் மாதிரி சுடவில்லை. அந்த வீட்டைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் கேட்டது விலையைத்தான். வீட்டுக்குள் சூடு குறையும் என்று அவர்களிடம் பெருமையாகச் சொன்னது மேஸ்திரி!

மதுரை, சைட் இன்ஜினியர்:

எங்களை மாற்றியது மணல் தட்டுப்பாடு. 2017-ல் ஆற்று மணல் லோடுக்குத் தவம் கிடந்தோம். நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மணல் குவாரிகளை ஆறு மாதத்தில் மூடச் சொன்னது. அதுவரை பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்டை 'கிரஷர் பொடி' என்று ஒதுக்கிய ஓனர்கள், வேலை நின்றதும் "எதையாவது போட்டு முடிங்க" என்றார்கள். இதைப் பசுமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆற்றுக்குப் பதிலாக இப்போது மலையை உடைக்கிறோம்.

சென்னை, கட்டிட வரைவாளர்:

2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயமானது. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் படும்படி மாடியிலிருந்து ஒரு பைப் இறக்கினால் போதும் என்பதுதான் அன்றைக்குப் பல பேர் நினைப்பு. 2019 கோடையில் போர்வெல் வற்றியதும் ஒரு பழைய ஓனர் போன் செய்தார்: "அந்தக் குழியில என்னதான் இருக்கு, வந்து பாருங்க." தோண்டினோம். தண்ணீர் வடிந்து இறங்க இருக்க வேண்டிய ஜல்லி இல்லை, மணல் இல்லை. பைப் மண்ணுக்குள் ஒரு அடி போய் நின்றிருந்தது. அப்படி வைத்தால் போதும் என்று அன்று சொன்னது நான்தான்.