தீவுகளில் புவிவெப்ப மின்சாரம்: வாயுவைக் கட்டுப்படுத்திவிட்டோமா?

மாறன்:
எண்ணெயைக் கப்பலில் வரவழைத்து எரித்து மின்சாரம் பெறும் ஒரு தீவு, தன் காலடியில் கிடக்கும் எரிமலை வெப்பத்தைத் தொடாமல் விடுவது நியாயமாகத் தெரியவில்லை. நிலத்தடி நீராவியோடு மேலே வரும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுதான் தடை என்றால், ஹவாய் பெருந்தீவின் பூனா புவிவெப்ப மின்நிலையத்தைப் பாருங்கள். கிணற்றிலிருந்து வரும் நீராவி சுழலியைச் சுழற்றியபின், எஞ்சிய வெப்பத்தை மூடிய குழாய்களில் ஓடும் பென்டேன் என்ற, குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் திரவத்துக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்த நீரோடும் வாயுக்களோடும் மீண்டும் நிலத்தடிக்கே செலுத்தப்படுகிறது. வழக்கமான இயக்கத்தில் வாயுவைக் காற்றில் விட வேண்டிய தேவையே அங்கு இல்லை.

கயல்விழி:
மாறன் அவர்களே, "வழக்கமான இயக்கத்தில்" என்று நீங்களே எல்லை வகுத்துவிட்டீர்கள். 1991 ஜூனில் அதே பூனாவில் துளையிட்டுக்கொண்டிருந்த ஒரு கிணறு கட்டுமீறி, ஏறத்தாழ 31 மணி நேரம் நீராவியையும் வாயுவையும் கக்கியது. அக்கம்பக்கத்தார் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2014 ஆகஸ்டில் இசெல் புயலின்போது நிலையம் நின்றுபோய் மறுபடியும் வாயு வெளியேறியது. அந்தப் புயலில் சாய்ந்த அல்பீசியா மரங்கள் தப்பிச் செல்ல வேண்டிய சாலைகளை அடைத்துக் கிடந்தன என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, பள்ளங்களில் தேங்கும். செறிவு மிகும்போது மூக்கு மரத்துப்போவதால் வாடை நின்றுவிடும், ஆபத்து நின்றிருக்காது. கிரேக்கத்தின் மீலோஸ் தீவில் 2 மெகாவாட் சோதனை நிலையமே இந்த வாயுவின் பொருட்டு எழுந்த எதிர்ப்பால் 1989இல் மூடப்பட்டது.

மாறன்:
மீலோஸ் நிலையம் பழைய தொழில்நுட்பம். இன்று ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்தி நிலையத்தில் கரியமில வாயுவை நீரில் கரைத்து, எரிமலைக்குழம்பு உறைந்து உருவான பசால்ட் பாறைக்குள் செலுத்துகிறார்கள். சோதனையில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் கனிமமாக உறைந்ததை 2016இல் அறிவித்தார்கள். ஹைட்ரஜன் சல்பைடும் அதே வழியில் போகிறது. எரிமலைத் தீவுகளில் பசால்ட்டுக்கா பஞ்சம்? மேலும், பூனா நிலையம் அமைந்திருக்கும் கீலவேயா எரிமலை தானாகவே வெளியிடும் கந்தக வாயுவுக்கு முன் அந்த நிலையம் எம்மாத்திரம்?

செங்குட்டுவன்:
இருவரும் ஒரு கணக்கை விட்டுவிட்டீர்கள். ஐஸ்லாந்து முறையில் ஒரு டன் கரியமில வாயுவைக் கரைக்க ஏறத்தாழ 25 டன் நீர் தேவை. நன்னீர் அரிதான சிறு தீவில், கிணற்று நீரையே திரும்பப் பயன்படுத்துவதும் கடல்நீரைப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்வதும்தான் வழி. ஆனால் கயல்விழி அஞ்சுவது அன்றாடக் கசிவை அன்று, அவசரநிலையை. அதற்கென்று பூனாவில் வெளியேறும் நீராவியில் காஸ்டிக் சோடாவைக் கலந்து சல்பைடைப் பிடிக்கும் ஏற்பாடு உண்டு. மின்தடை நேரத்தில் அதன் பம்புகள் ஓடுமா, கரைசல் போதிய அளவு இருப்பில் இருக்குமா என்று அனுமதி வழங்கும் முன் கேட்க வேண்டும். 2018இல் எரிமலைக்குழம்பு நெருங்கியபோது எளிதில் தீப்பற்றும் பென்டேனை முன்கூட்டியே அகற்றினார்கள், கிணறுகளைக் குளிர்ந்த நீர் ஊற்றி அடக்கினார்கள். குழம்பு சில கிணறுகளை மூடியும், நிலையம் 2020இல் மறுபடி ஓடத் தொடங்கியது. முன்னேற்பாடு பலன் தரும் என்பதற்கு அது சான்று.

கயல்விழி:
சான்றுதான், மறுக்கவில்லை, ஆனால் எரிமலைக்குழம்பு பல நாள் அவகாசம் தந்தது, புயலிரவு தராது. எரிமலையோடு ஒப்பிடும் வாதத்தையோ நான் ஏற்கவே மாட்டேன்: கீலவேயா கக்குவதில் பெரும்பகுதி கந்தக டையாக்சைடு, அது வேறு வாயு, ஏற்கெனவே மூச்சுத் திணறும் மக்கள்மீது இன்னொன்றைச் சுமத்த அது உரிமம் ஆகாது. ஹவாயில் காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடின் ஒரு மணி நேரச் சராசரி நூறு கோடியில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அளவிடும் கருவி வேலிக்குள் மட்டும் இருந்தால் அந்த விதியால் யாருக்குப் பயன்? குடியிருப்புத் தெருக்களில் கருவிகள் வேண்டும், அளவீடுகள் அந்த நொடியே மக்களுக்குத் தெரிய வேண்டும்.

மாறன்:
கருவிகளை ஏற்கிறேன். ஆனால் கரீபியக் கடலிலுள்ள டொமினிக்கா போன்ற தீவுக்கென்று திட்டமிடப்பட்ட 10 மெகாவாட் நிலையத்தின்மீது இத்தனை நிபந்தனைகளையும் ஏற்றினால், மின்கட்டணம் டீசல் விலையைத் தொட்டுவிடும் என்பதே என் கவலை.

கயல்விழி:
அப்படியானால் அந்தச் செலவை முதல் நாளே திட்ட மதிப்பீட்டில் எழுதுங்கள். அதையும் சேர்த்த பிறகு டீசலைவிட மலிவாக இருந்தால் நானே ஆதரித்துப் பேசுகிறேன்.