கண்மூடித்தனமா? கண் திறந்துதானே இருந்தது!

ஐயா, வணக்கம்.

'ரெக்லெஸ்னெஸ்' (recklessness) என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லுக்குத் தமிழாக நீங்கள் சொன்ன 'கண்மூடித்தனம்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குற்றவியலில் அந்தச் சொல்லின் உயிரே கண் திறந்திருப்பதில்தான். ஆபத்து வரலாம் என்று தெரிகிறது; 'வந்தா பாத்துக்கலாம்' என்று செய்கிறான். தெரியாமல் செய்தால் அதற்குக் 'கவனக்குறைவு' இருக்கவே இருக்கிறது.

வைகையில் தண்ணீர் வந்த ஒரு நாள் மதுரை யானைக்கல் தரைப்பாலத்தில் பார்த்தேன். பாலத்துக்கு மேலே ஓடுகிறது, பேரிகார்டு போட்டாயிற்று. ஒருவர் பைக்கை நிறுத்தித் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னால் மனைவி, 'வேணாங்க, சுத்திப் போயிருவோம்' என்கிறார். மனிதர் காலால் பேரிகார்டைத் தள்ளிவிட்டு இறங்கிவிட்டார். பாதியில் வண்டி நின்று, நாலு பேர் போய் இழுத்து வந்தார்கள். அவர் நின்று பார்த்தாரே, அந்தக் கொஞ்ச நேரம் நம் சொல்லுக்குள் வர வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே இழுபறிதான். 1957இல் கன்னிங்ஹாம் வழக்கு: காசுக்காக கேஸ் மீட்டரைப் பிடுங்கினார், கசிந்த கேஸ் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பாதித்தது. ஆபத்தை அவர் உணர்ந்திருந்தாரா என்பதே கேள்வி. 1981இல் கால்டுவெல் வழக்கு, யோசித்தே பார்க்காதவனையும் உள்ளே இழுத்துப்போட்டது. 11, 12 வயதுச் சிறுவர்கள் வைத்த தீயில் கடை எரிந்த வழக்கில், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2003இல் அந்தக் கால்டுவெல் விதியைக் கைவிட்டது. நடுவில் அந்த 22 வருஷத்துக்கு வேண்டுமானால் உங்கள் சொல் பொருந்தும்!

நம் எஃப்.ஐ.ஆர். கதை தனி. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான பிரிவுகள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1), இரண்டிலும் 'ராஷ்' (rash) என்ற இதற்கு நெருங்கிய சொல் உண்டு. ஸ்டேஷனில் அது 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று ஆகிவிட்டது. சரி, காட்டுப்பன்றிக்காக வேலியில் கரண்ட் விட்டு ஆள் செத்தால்? அங்கே எது அதிவேகம்?

ரெக்லெஸ்னெஸுக்குத் 'துணிவு' வரும் சொற்களும் எனக்கு ஒப்பவில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் துணிச்சல்காரன் என்றால் பாராட்டு. 'இடர் மதியாமை' என்று வைத்தால், மதிக்கவில்லையா, மதிப்பிடவில்லையா என்ற குழப்பம்.

என் பரிந்துரை 'அறிந்த அசட்டை'. 'அறிந்த அசட்டையாக வேலியில் மின்சாரம் பாய்ச்சி' என்று குற்றப்பத்திரிகையில் எழுதிப் பார்த்தேன், உட்காருகிறது. எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் அக்கா மட்டும், 'அலட்சியம்னே போடலாமே சார்' என்கிறார். அதைத்தான் கவனக்குறைவுக்கும் எழுதித் தள்ளுகிறோமே. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?